குழவிக்கல்லுக்கு ஒரு சீட் பெல்ட்

போன மாதம் ஒரு சனிக்கிழமை. ஆறு கிலோ அரிசிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, குழந்தைப் பொருட்கள் விற்கும் ஒரு கடைக்குள் நுழைந்தேன்.

கடைப் பெண் என்னையும் பையையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"சார், பையை வெளிய குடுத்து டோக்கன் வாங்கிட்டு வாங்க."

"இது பை இல்லம்மா... பாப்பா" என்றேன்.

அவள் ஓர் அடி பின்னால் போனாள்.

விளக்கினேன். என் தங்கை புவனாவுக்குப் பெண் குழந்தை பிறந்து நான்கு மாதம் முடிந்துவிட்டது. எடை ஆறு கிலோ. அதைக் காரில் உட்காரவைக்க ஒரு சீட் வாங்க வேண்டும். குழந்தையோடு சேர்த்துத் தூக்கிப் பார்த்தால்தானே சீட்டின் கனம் தெரியும்? குழந்தையையே கொண்டுவரலாம்தான். கடையில் ஏசி. சளி பிடித்துவிட்டால்? அதனால் வீட்டிலேயே எடை போட்டு அரிசியைக் கட்டி எடுத்துவந்தேன்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு என் குணம் தெரியும். பஸ் ஏறி உட்கார்ந்த பிறகு, கேஸை அணைத்தோமா என்று சந்தேகம் வந்து இறங்கி ஓடுகிறவன் நான். அடுப்புக்குப் பக்கத்திலேயே மனைவி நின்றுகொண்டிருந்தாலும்!

ஆனால் இந்த விஷயத்தில் என் பயத்துக்குக் காரணம் இருக்கிறது.

கடலூரில் கார்களுக்கும் ஆட்டோக்களுக்கும் சீட் கவர் தைப்பது என் தொழில். ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டுத் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தேன். இருபத்தைந்து வருஷமாகிறது, இன்னும் எழுந்திருக்கவில்லை. இந்தத் தொழிலில் ஒரு சங்கடம் உண்டு. எங்கேயாவது மோதின வண்டி, ஒர்க்‌ஷாப்பில் தட்டி நிமிர்த்தி, பெயின்ட் எல்லாம் அடித்து முடித்ததும் சீட் மாற்றுவதற்கு எங்களிடம்தான் வரும். போன வருஷம் அப்படி வந்த ஒரு காரின் பின்சீட்டைக் கழற்றினேன். அடியில் ஒரு வெள்ளிக் கொலுசு. என் இரண்டு விரலில் மாட்டலாம், அவ்வளவு சின்னது.

போன் போட்டதும் அந்த வண்டிக்காரர் வந்தார். "மடியிலதாண்ணே வச்சிருந்தோம். கைய வுட்டுப் போயிடுச்சி" என்றார். தலையில் நாலு தையலோடு குழந்தை தப்பித்துவிட்டது, இப்போது ஓடி விளையாடுகிறது. ஆனால் கொலுசை வாங்கியவர், அது கிடந்த இடத்தை ஒரு தடவை குனிந்து பார்த்துவிட்டுத்தான் போனார்.

அதற்குப் பிறகு, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு யார் காரில் போனாலும் எனக்கு அந்தக் கொலுசுதான் தெரியும்.

இப்போது என் வீட்டுக் குழந்தையே காரில் போகப் போகிறது. ஐந்தாம் மாதத்தில் தாயையும் பிள்ளையையும் புகுந்த வீட்டில் கொண்டுபோய் விட வேண்டும். கடலூரிலிருந்து சிதம்பரம், ஒரு மணி நேரப் பயணம். எங்களுக்கு அப்பா அம்மா இல்லை. பிரசவம் பார்த்தது என் வீட்டில். தாய்மாமன் சீராகத் தொட்டில் வாங்குவதும் என் கடமை. "தொட்டில் எல்லாம் வேணாம், புடவையில தூளி கட்டிக்கறோம்" என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லிவிட்டார்கள். சரி, தொட்டிலுக்குப் பதிலாகக் கார் சீட்தான் என் சீர் என்று முடிவு செய்தேன்.

அதிலும் லேசான சீட். ஏன்?

புவனாவுக்கு ஆபரேஷன் பிரசவம். கனம் தூக்கினால் இன்னமும் இடுப்பில் சுளீர் என்கிறது. சிதம்பரத்தில் அவர்கள் வீடு இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. சொந்தக் காரும் கிடையாது. போகவர வாடகைக் கார், இல்லாவிட்டால் நண்பர் யாருடைய காராவது. ஒவ்வொரு தடவையும் சீட்டை மாட்ட வேண்டும், கழற்ற வேண்டும், மாடிக்குத் தூக்க வேண்டும். கனமான சீட்டை இரண்டு தடவை தூக்குவாள். மூன்றாவது தடவை, 'பக்கத்துலதானே' என்று குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். பரணில் கிடக்கிற சீட் யாரைக் காப்பாற்றும்?

இதையெல்லாம் கேட்ட கடைப் பெண், சிரிப்பை அடக்கிக்கொண்டு மூன்று சீட்டுகளை வரிசையாக எடுத்து வைத்தாள்.

முதலாவது சிம்மாசனம். "பொறந்ததுலேர்ந்து ஏழு வயசு வரைக்கும் இதே போதும் சார்" என்றாள். வெறும் சீட்டைத் தூக்கும்போதே என் தோள்பட்டை 'கிறுக்' என்றது. அரிசியையும் அதில் வைத்து... வேண்டாம், வேண்டாம்.

இரண்டாவது பஞ்சு மாதிரி இருந்தது. ஒரே விரலில் தூக்கினேன். அரிசியோடும் தூக்கிப் பார்த்தேன். சொர்க்கம்! உடனே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஒரு சாமான் இவ்வளவு லேசாக இருக்குமா? திருப்பிப் பார்த்தேன். காரின் பெல்ட் நுழைவதற்கு எங்குமே வழியில்லை.

"இதை கார்ல எப்படிம்மா கட்றது?"

"சும்மா சீட்டு மேல வச்சிக்கலாம் சார். நெறைய பேரு அப்படித்தான் வச்சிக்கறாங்க."

"பிரேக் அடிச்சா?"

அவள் யோசித்தாள். "டிரைவரை மெதுவா அடிக்கச் சொல்லுங்க சார்."

அது குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடக்கிற கூடை. கார் சீட்டே இல்லை. பக்கத்தில் பக்கத்தில் வைத்து விற்கிறார்கள், நாமும் கனத்தை மட்டும் பார்த்து வாங்கிவிடுகிறோம்.

மூன்றாவது, மூன்றரைக் கிலோ. மேலே வாளி மாதிரி ஒரு கைப்பிடி. குழந்தையின் தோளுக்கும் கால் இடுக்குக்கும் வார். காரின் பெல்ட் எந்த வழியாகப் போக வேண்டுமென்று பக்கவாட்டில் நீலக் கோடு. முதுகில், சோதித்துப் பார்த்ததற்கு அடையாளமாக ஆரஞ்சு நிற ஸ்டிக்கர். வாரின் தையலை நகத்தால் நெருடிப் பார்த்தேன். முன்னும் பின்னுமாக அடித்து நூலைப் பூட்டியிருந்தார்கள். நல்ல கை. அரிசியை உள்ளே படுக்கவைத்து, வாரைப் பூட்டி, கடையின் மாடிப்படியில் இரண்டு தடவை ஏறி இறங்கினேன். மூச்சு வாங்கவில்லை.

எல்லாரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஒரு அம்மாள் மட்டும், "என்னாங்க, இப்ப ரேஷன் அரிசியை இதுலயா போடறாங்க?" என்றார்.

வாங்கிவிட்டேன். விஷயம் இதோடு முடிந்திருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து சீட்டைக் கூடத்தில் வைத்து, கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தினேன். துண்டு கனத்துக்கு ஒரு துணி. அதற்கு அடியில் கெட்டியான கூடு. இதிலா ஒரு மணி நேரம் பச்சைப்பிள்ளை படுத்திருக்கும்? லேசான சீட் வேண்டும் என்று தேடித் தேடி வாங்கியவனும் நான்தான். ஐயோ, லேசாக இருக்கிறதே என்று கவலைப்பட்டவனும் நான்தான்.

கூடவே ஒரு புத்தகம் கொடுத்திருந்தார்கள். பொடிப்பொடி இங்கிலீஷ். நான் படம் பார்த்தேன். ஒரு படத்தில், குழந்தைக்கு அடியில் மெத்தை. அதன் மேல் சிவப்பில் பெருக்கல் குறி. பார்க்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன், பார்த்தேன். 'இது கண்ட தலையணையைத் திணிக்கிறவங்களுக்குச் சொன்னது, தொழில் தெரிஞ்சவனுக்கு இல்ல' என்று நினைத்துக்கொண்டு பக்கத்தைத் திருப்பிவிட்டேன்.

என் கடையில் இருந்ததிலேயே உயர்ந்த ஃபோம், இரண்டு அங்குலம். மேலே பாலாடை நிற ரெக்ஸின். ஓரத்தில் ரோஸ் நிறப் பைப்பிங். மூன்று நாள் உட்கார்ந்து, சீட்டின் மேல் போர்த்துகிற மாதிரி ஒரு மெத்தை தைத்தேன். குஷன் என்றால் பட்டன் வைப்பது வழக்கம், வைக்கவில்லை. கழன்று வாய்க்குள் போய்விட்டால்? பாருங்கள், இந்தப் பயம் சரியாக வந்தது. வர வேண்டிய பயம் வரவில்லை.

"அண்ணா, இது சீட்டா, சோபாவா?" என்றாள் புவனா.

"உங்கண்ணன விட்டா ஹெட்லைட்டும் வச்சிக் குடுப்பாரு" என்றாள் என் மனைவி செல்வி.

இரண்டு பேர் குரலிலும் பெருமை இருந்தது. எனக்கு அது போதும்.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால், சிதம்பரத்திலிருந்து புவனாவின் மாமியார் போன் செய்தார்.

"தம்பி, சீரு என்னா எடுத்தீங்க?"

சொன்னேன்.

"அப்ப அது தொட்டி கணக்குதானே? வெறுந்தொட்டியில புள்ளையைப் போடக் கூடாது தம்பி. மொதல்ல குழவியப் போட்டு ஆட்டிட்டு அப்புறந்தான் புள்ள."

எங்கள் பக்கத்தில் இது வழக்கம். புதுத் தொட்டிலில் குழந்தையை விடுவதற்கு முன்னால் அம்மிக் குழவியைக் குளிப்பாட்டி, பொட்டு வைத்து, சட்டை போட்டுப் படுக்கவைத்து ஆட்டுவார்கள். வருகிற கெடுதல் கல்லோடு போகட்டும் என்று.

"ஆனா அத்தை, இது ஆடாதே. கார்ல மாட்டி ஓட்றது."

"அப்ப கார்லயே வச்சி ஒரு சுத்து சுத்திட்டு வாங்க. ஆடுனா என்னா, ஓடுனா என்னா?"

மறுக்க முடியுமா? எனக்கும் உள்ளூர ஆசைதான். கெடுதல் போகிற காரியத்தை எந்தப் பயந்தாங்கொள்ளி வேண்டாம் என்பான்?

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு மாப்பிள்ளை செந்தில், நண்பர் ஒருவரின் காரை வாங்கிக்கொண்டு வந்து இறங்கினார். சிதம்பரத்தில் பைக் ஷோரூம் ஒன்றில் சர்வீஸ் பார்க்கிறவர். பிரேக், கிளட்ச் எல்லாம் விரல் நுனியில். பதற்றம் மட்டும் தெரியாது.

"மச்சான், எட்டரைக்குள்ள கெளம்பணும். அம்மா நல்ல நேரம் குறிச்சிக் குடுத்திருக்கு. கல்ல எடுங்க, ஒரு ரவுண்டு போய்ட்டு வந்துடுவோம்."

சீட்டைப் பின்சீட்டில் மாட்டினோம். இந்த வயசில் குழந்தை முன்னால் பார்த்து உட்காரக் கூடாது; காரின் பின்பக்கத்தைப் பார்த்துத்தான் உட்கார வேண்டும். அந்தப் படத்தை ஒழுங்காகப் பின்பற்றினேன். நீலக் கோட்டு வழியாக பெல்ட்டை விட்டு, முழங்காலால் சீட்டை அழுத்திக்கொண்டு இறுக்கினேன். சீட் அசையவில்லை.

புவனா குழந்தையின் மஞ்சள் கவுனை எடுத்துக் கொடுத்தாள். குழவிக்குக் கச்சிதம். கல்லுக்குக் கன்னம் எந்தப் பக்கம் என்று தெரியாததால், செல்வி இரண்டு பக்கமும் மையால் பொட்டு வைத்தாள். குழவியின் எடை பாப்பாவை விட அரைக் கிலோ ஜாஸ்தி. படுக்கவைத்து, வாரைப் பூட்டி இழுத்தேன். வாருக்கு அடியில் ஒரு விரல்கூட நுழையவில்லை. என்ன இறுக்கம்! என்ன அழகு!

மஞ்சக்குப்பத்திலிருந்து தேவனாம்பட்டினம் வரைக்கும் போய்த் திரும்புவது என்று ஏற்பாடு. மாப்பிள்ளை ஓட்டினார். நான் பின்னால், குழவிக்குப் பக்கத்தில்.

"மச்சான், கல்லுக்கு வாந்தி கீந்தி வருதா பாருங்க."

"ரோட்டைப் பாத்து ஓட்டுங்க மாப்ள."

தேவனாம்பட்டினத்தில் வண்டியைத் திருப்பும்போது, மீன் கூடையோடு ஒரு அம்மா ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்தார். கவுன் மட்டும்தான் அவர் கண்ணில் பட்டிருக்க வேண்டும்.

"புள்ள பெத்தவளுக்குப் பாலு நல்லா ஊறும்யா, பால்சுறா வாங்கிக்கினு போ. இப்பத்தான் வந்துச்சி" என்றபடி உள்ளே எட்டிப் பார்த்தார். "ஐயே! கல்லு!"

"சீருக்காக, மொதல்ல..." என்று ஆரம்பித்தேன்.

"அது எனக்குத் தெரியாதா? எங்க வூட்லயும்தான் போட்டோம், தூளியில. நீங்க இன்னாடான்னா கல்லுக்குப் பட்டையப் போட்டுக் கட்டி பீச்சு சுத்திக் காட்டிக்கினு இருக்கீங்க!"

சுறா வாங்கலாம் என்றேன். கார் நண்பருடையது, மீன் ஏறக் கூடாது என்றார் மாப்பிள்ளை. கிளம்பினோம்.

திரும்பி வருகிற வழியில்தான் அது நடந்தது. முன்னால் போன ஷேர் ஆட்டோ, யாரோ கையைக் காட்டியதும் நடுரோட்டிலேயே நின்றது. மாப்பிள்ளை வலதுபக்கம் ஒடித்தார். அதே இடத்தில் வெள்ளைக் கோடு அழிந்துபோன ஒரு வேகத்தடை. வண்டி தூக்கிப் போட்டது.

டொம்.

நான் பக்கத்தில் பார்த்தேன். வார் பூட்டியபடியே இருந்தது. குழவி மட்டும் இல்லை.

கீழே, முன்சீட்டுக்குப் பின்னால், கவுன் மேலே சுருண்டுகொள்ளக் கிடந்தது.

மாப்பிள்ளை ஓரமாக நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். அந்த மஞ்சள் கவுனைப் பாப்பா முந்தின நாள்தான் போட்டிருந்தாள்.

"கல்லு வழவழன்னு இருக்குல்ல மச்சான்..." என்று மெதுவாக ஆரம்பித்தார். "அதான் நழுவிடுச்சி. பாப்பாவுக்குத் தோளு இருக்கு, கைகாலு இருக்கு. அது எப்படி நழுவும்?"

சரிதானே? எவ்வளவு நியாயமான பேச்சு! அதைப் பிடித்துக்கொள்ள மனசு துடித்தது.

"ஒண்ணு மச்சான், வுழுந்ததை வூட்ல சொல்லிடாதீங்க. எங்கம்மா காதுக்குப் போச்சின்னா, இன்னும் ரெண்டு மாசத்துக்குப் பாப்பாவை வண்டியிலயே ஏத்த வுடாது."

அதுவும் நியாயம். மணி எட்டு பத்து. நல்ல நேரம் முடிய இருபது நிமிஷம்.

"அப்ப கல்லை வழுக்காம பண்ணிப் பாத்துடுவோம் மாப்ள" என்றேன். என் தோளில் இருந்த துண்டைக் குழவிக்குச் சுற்றி, மறுபடி படுக்கவைத்து, வாரை இறுக்கி, அதே வேகத்தடைக்கு வண்டியைத் திருப்பச் சொன்னேன். இந்தத் தடவை ஆட்டோ இல்லை. நானே "ஒடிங்க!" என்று கத்தினேன்.

விழவில்லை. ஆனால் பாதி உடம்பு வாருக்கு வெளியே தொங்கியது.

வாருக்கும் மெத்தைக்கும் நடுவே கையை விட்டேன். கட்டைவிரலால் ஃபோமை அழுத்தினேன். அழுந்தியது. அழுந்த அழுந்த வார் தொளதொளவென்று ஆனது. என் முஷ்டியே உள்ளே போயிற்று. விரலை எடுத்தேன். ஃபோம் எழும்பி வந்து வாரை நிரப்பியது. மறுபடியும் இறுக்கம், மறுபடியும் அழகு! இருபத்தைந்து வருஷமாக ஃபோமை அழுத்தியே ரகம் சொல்கிற விரல் இது. அழுத்தினால் அழுந்தும், அதற்குத்தான் ஃபோம் என்று அதற்குத் தெரியாதா? போதாததற்கு, குழந்தை பதிந்து உட்காருவதற்காகவே ஆழமாகச் செய்திருந்த கூட்டை நான் நிரவி மேடாக்கி வைத்திருந்தேன். வழுக்குகிற ரெக்ஸின் வேறு.

"மாப்ள, தப்பு கல்லு மேல இல்ல."

சட்டைப் பையில் எப்போதும் பிளேடு இருக்கும். எடுத்தேன்.

"மச்சான்! மூணு நாளு உக்காந்து தைச்சீங்களே!"

பிரிக்க மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை. ரோஸ் பைப்பிங்கை வெட்டும்போது மட்டும் கை கொஞ்சம் நின்றது. அடியில் அந்த மெல்லிய துணி, வந்தது வந்தபடி சேதமில்லாமல் இருந்தது. குழவியைத் துண்டோடு படுக்கவைத்தேன். கூட்டுக்குள் பதிந்து உட்கார்ந்தது. வாரை இறுக்கினேன்.

அதே வேகத்தடை. அதே ஒடிப்பு. "இன்னும் வேகமா" என்றேன். வண்டியில் உட்கார்ந்து நான் இந்த வார்த்தையைச் சொன்னது வாழ்க்கையில் அதுவே முதல் தடவை. மாப்பிள்ளை கண்ணாடி வழியாக என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, இரண்டு தடவை ஏற்றி இறக்கினார்.

குழவி அசையவில்லை.

வீட்டு வாசலுக்கு வந்தபோது மணி ஒன்பதாகிவிட்டது. செல்வி கையில் கற்பூரத்தட்டு. புவனா தோளில் பாப்பா. நல்ல நேரம் போன முகம் இரண்டு பேருக்கும். புவனா சீட்டைப் பார்த்தாள்.

"என்னாச்சுண்ணா? மெத்தை எங்க?"

மாப்பிள்ளை எனக்குப் பின்னால் நின்று இருமினார். சொல்லாதே என்று அர்த்தம். சொல்லிவிட்டேன்.

"ஐயையோ... கீழ வுழுந்துடுச்சா?" என்று செல்வி வாயைப் பொத்திக்கொண்டாள்.

புவனா உள்ளே போய் அந்தப் புத்தகத்தை எடுத்துவந்தாள். டிகிரி படித்தவள்; நான்தான் படிக்கவைத்தேன். பக்கத்தைப் புரட்டி, பெருக்கல் குறி போட்ட படத்தில் விரலை வைத்தாள்.

"சீட்டோட வராத எந்த மெத்தையையும் வைக்கக் கூடாதுன்னு போட்டிருக்கேண்ணா."

"பாத்தம்மா."

"பாத்துமா வச்சீங்க?"

சின்ன வயசிலிருந்து அவள் என்னைக் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் ஏதாவது ஒரு பதில் சொல்லிச் சமாளித்திருக்கிறேன். இந்தத் தடவை தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். இனிமேல் இந்தச் சீட்டை அவள் நம்புவாளா? குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு போகிறேன் என்று சொல்லிவிட்டால், நான் எந்த வாயால் தடுப்பேன்?

பாப்பாவைச் செல்வியிடம் கொடுத்துவிட்டு, புவனா காருக்குள் ஏறினாள். முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். படித்தபடி பெல்ட்டை இழுத்துப் பார்த்தாள், சீட்டை ஆட்டிப் பார்த்தாள். நாங்கள் மூன்று பேரும் பரீட்சை ரிசல்ட்டுக்கு நிற்கிற மாதிரி வெளியே நின்றோம். அரை மணி நேரம் ஆகியிருக்கும்.

"குழந்தையக் குடுங்க அண்ணி" என்று கையை நீட்டினாள்.

பாப்பாவைப் படுக்கவைத்து, வாரைப் பூட்டி, தோளுக்கு மேலே வாரை இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்தாள். கிள்ள முடியவில்லை. என்னைப் பார்த்தாள்.

"நீங்களும் ஒருவாட்டி பாருங்கண்ணா."

அந்த 'நீங்களும்' என்னை என்ன செய்தது என்று எழுதத் தெரியவில்லை. கிள்ளிப் பார்த்தேன். சரியாக இருந்தது.

பாக்கி இருந்தது நல்ல நேரம். மாப்பிள்ளை அம்மாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"நேரம் தப்பிடுச்சும்மா. சீட்டுல ஒரு சின்ன வேலை..."

அந்தப் பக்கம் தாள் புரளுகிற ஓசை.

"பத்தேமுக்காலுக்கு ஒண்ணு இருக்குடா, கௌரி நேரம். அதுல கெளம்புங்க."

பஞ்சாங்கத்தைப் போல இளகின மனசு உள்ள புத்தகம் உலகத்தில் வேறு இல்லை!

காத்திருந்த நேரத்தில், பிரித்த மெத்தையை எடை போட்டுப் பார்த்தேன். ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. லேசான சீட்டுக்காக அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு அலைந்தவன், வாங்கின பிறகு அதில் ஒரு கிலோ பயத்தை ஏற்றித் தைத்திருக்கிறேன். நாம் எல்லாருமே இப்படித்தானோ? பிள்ளைக்குக் குளிருமே என்று நாலு துணி சுற்றி வியர்க்கவைக்கிறோம். பசிக்குமே என்று ஊட்டி ஊட்டி வாந்தி எடுக்கவைக்கிறோம். பயம் தப்பில்லை, என்னை அந்தக் கடைக்கு அனுப்பியதே அதுதான். ஆனால் வேலை முடிந்த பிறகும் அது சும்மா உட்காராது. கையில் ஊசியை எடுத்துக்கொள்ளும்.

பத்தேமுக்காலுக்குக் கிளம்பினோம். பாப்பா கொஞ்ச நேரம் என்னை முறைத்தாள். ஆலப்பாக்கம் வருவதற்குள் தூங்கிவிட்டாள். தலை தொங்காமல் சாய்ந்திருக்கிறதா, மூச்சு வருகிறதா என்று நான் அவள் மூக்குக்கு அடியில் விரலை வைத்து வைத்துப் பார்த்தேன். "அண்ணா, அது தும்மப் போவுது" என்றாள் புவனா. விரலை எடுத்தேன். பரங்கிப்பேட்டை திருப்பத்துக்குப் பக்கத்தில் மறுபடி வைத்தேன்.

சிதம்பரத்தில் இறங்கியதும் சீட்டைத் தூக்க நான் ஓடினேன்.

"இருங்கண்ணா. நானே தூக்கிப் பாக்கறேன்."

கைப்பிடியைப் பிடித்தாள். தூங்குகிற பிள்ளையோடு தூக்கினாள். முதல் மாடித் திருப்பத்தில் நிற்பாள் என்று பின்னாலேயே கையை நீட்டிக்கொண்டு போனேன். நிற்கவில்லை. இரண்டாவது மாடி வரைக்கும் ஒரே மூச்சு.

மேலே உறவுக்காரர்கள் பத்துப் பதினைந்து பேர். சம்பந்தியம்மா ஆரத்தி எடுத்தார். பிறகு குனிந்து, வாரை அவிழ்த்து, பேத்தியைத் தூக்கி மகன் கையில் கொடுத்துவிட்டு, சீட்டை ஒரு விரலால் அழுத்திப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"என்னா தம்பி இது? ஊருக்கெல்லாம் மெத்து மெத்துன்னு சீட்டு தைக்கறீங்க. பொறந்த புள்ளைக்கு ஒரு மெத்தை தைக்க மனசு வரலியா உங்களுக்கு?"

கூடம் முழுக்கச் சிரிப்பு. நான் வாயைத் திறப்பதற்குள் புவனா சொன்னாள்:

"தைச்சாருதான் அத்தை. அதுல எங்க வூட்டுக் குழவி படுத்திருக்கு."

அத்தைக்குப் புரியவில்லை. "நல்லா இருக்கு ஞாயம்... கல்லுக்கு மெத்தை, புள்ளைக்குக் கட்டாந்தரை!" என்று என்னைத் திட்டிக்கொண்டே காப்பி போட உள்ளே போனார்.

இருபத்தைந்து வருஷத் தொழிலில் எத்தனையோ திட்டு வாங்கியிருக்கிறேன். காப்பிக்கு முன்னாலேயே இனித்தது அது ஒன்றுதான்.